குட்டியின் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி: காத்திருக்கலாமா, உடனே எக்கோ எடுக்க வேண்டுமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் நாய்க்குட்டியைப் பற்றித் தெளிவு வேண்டி இதை எழுதுகிறேன். பாமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்ட குட்டி; வயது பத்து வாரம். தடுப்பூசிக்காக உள்ளூர் மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, அவர் ஊசி போடும் முன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு இடது முன்னங்காலைச் சற்று முன்னே இழுத்துப் பிடித்து, அக்குளுக்குள் வைத்து மறுபடியும் நெடுநேரம் கேட்டார். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி இருக்கிறது என்றும், அது துடிப்புக்குத் துடிப்பு விட்டுவிட்டு வராமல் ஓயாது ஒலிக்கிறது என்றும் சொல்லி, என் விரலை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் ஓர் அதிர்வு நன்றாகவே தெரிந்தது. பி.டி.ஏ. என்னும் பிறவிக் குறைபாடாக இருக்கக்கூடும், சென்னைக்குக் கொண்டுபோய் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுத்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

குட்டியோ நன்றாகத் தின்கிறது. வீடு முழுவதும் ஓடுகிறது. ஓடுகிற குட்டிக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்கிறார் என் மாமனார். விற்றவரைக் கேட்டால், குட்டிகளுக்கு இந்த ஒலி இருப்பது சகஜம், நான்கு மாதத்தில் தானாகப் போய்விடும், மனம் ஒப்பவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நான்கு மாதம் வரை பொறுத்துப் பார்ப்பதில் தவறு உண்டா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வைகைக் கால்நடை:

நான் மதுரைப் பக்கம் தனியாக மருத்துவமனை வைத்திருக்கும் கால்நடை மருத்துவன். குட்டியை நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது. ஆனாலும் நீங்கள் எழுதியதில் இருக்கும் இரண்டு செய்திகளை வைத்துச் சிலவற்றைச் சொல்லலாம்.

விற்றவர் கூறுவது முழுப் பொய்யன்று. இதயத்தில் எந்தக் குறையும் இல்லாத குட்டிகள் சிலவற்றிலும் மெல்லிய முணுமுணுப்பு கேட்பதுண்டு. ஒலியின் வலிமையை ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கத்தில் அது பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கிவிடும். இதயம் சுருங்கும் நேரத்தில் மட்டும் கேட்கும். குட்டிக்கு நான்கைந்து மாதம் ஆவதற்குள் மறைந்தும் விடும். கொக்கிப்புழு மிகுந்தோ உண்ணிக் காய்ச்சல் கண்டோ இரத்தச்சோகை அடைந்த குட்டிகளிலும் இப்படி ஓர் ஒலி எழும். நம் ஊரில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், சோகை தீர்ந்தால் ஒலியும் போய்விடும். இந்த இரண்டு வகையிலும் ஒலி மெல்லியது, இடைவெளி உள்ளது, கைக்குத் தட்டுப்படாதது. உங்கள் மருத்துவர் கேட்டதோ இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் நிற்காமல் ஆலை இயந்திரம் ஓடுவது போல இரையும் ஒலி; விரலுக்கு அதிர்வும் தெரிகிறது என்றால் அது ஐந்தாம் படிக்குக் குறையாது. இத்தகைய ஒலி தானாக மறைவதற்காகக் காத்திருக்கும் வகையைச் சேர்ந்ததன்று.

பி.டி.ஏ. என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கருவில் இருக்கும் குட்டியின் நுரையீரலுக்கு வேலையில்லை என்பதால், நுரையீரல் தமனிக்குள் வரும் இரத்தத்தைப் பெருந்தமனிக்கு நேராகத் திருப்பிவிடும் ஒரு குறுக்குக் குழாய் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. குட்டி பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்கிறது. அந்தக் குழாயைத் திறந்து வைத்திருந்த புராஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் குறைகிறது. குழாயின் சுவரில் உள்ள தசை சுருங்கி அதைச் சில நாள்களில் மூடிவிடுகிறது. பி.டி.ஏ. உள்ள குட்டிகளில் அந்தத் தசை போதிய அளவில் இருப்பதில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பெருந்தமனியின் சுவரைப் போன்ற மீள்திசு இருப்பதால் குழாய் சுருங்க வழியின்றித் திறந்தே நிற்கிறது. குறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தைகளுக்கு இண்டோமெத்தசின் போன்ற மருந்து கொடுத்து இந்தக் குழாயை மூடச் செய்கிறார்களே, நாய்க்கும் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சுருங்குவதற்குத் தசையே இல்லாத இடத்தில் அந்த மருந்துக்கு வேலை இல்லை.

பிறந்தபின் பெருந்தமனியில்தான் அழுத்தம் மிகுதி. ஆகையால் உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு அந்தக் குழாய் வழியே நுரையீரலுக்குத் திரும்பி, அங்கிருந்து இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் மறுபடி வந்து சேர்கிறது. ஒரே இரத்தத்தை இருமுறை இறைக்க வேண்டியிருப்பதால் இடது பக்கம் வீங்கிப் பெரிதாகிறது; கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. குட்டி ஓடி விளையாடுவது இதயம் இன்றைக்கு ஈடு கொடுக்கிறது என்பதை மட்டுமே காட்டும். குழாயை மூடாமல் விட்ட நாய்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றன என்று 1970-களிலேயே பதிவாகியிருக்கிறது. உங்கள் குட்டி பெண் என்பதும் பாமரேனியன் என்பதும் கூடுதல் சான்றுகள். இந்தக் குறை பெண் குட்டிகளில் மிகுதி, பாமரேனியன், பூடில், மால்டீஸ், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகிய இனங்களிலும் மிகுதி.

எக்கோ எடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. குட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும்.

கரிசல்காட்டான்:

மருத்துவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்க்கிறோம். இதயத்தில் ஓட்டை, குழாய் மூடவில்லை என்ற பேச்சையே எங்கள் பக்கத்தில் கேட்டதில்லை. பொம்மை போல இருக்க வேண்டும் என்று நாயைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி, தாயையும் மகனையும் சேர்த்து ஈன வைத்தவர்கள் செய்த வினையை இப்போது பணம் கொடுத்து வாங்கியவர்கள் சுமக்கிறார்கள். இதற்கு எக்கோவைவிட நாட்டு நாய் நல்ல மருந்து.

வைகைக் கால்நடை:

உங்கள் கோபத்தில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பேட்டர்சன் 1960-களில் நாய்களின் பிறவி இதயக் குறைகளைப் பற்றிச் செய்த ஆய்வில், கலப்பு நாய்களைக் காட்டிலும் தூய இன நாய்களில் இவை மிகுதி என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆனால் கலப்பு நாய்களில் இல்லாமல் போகவில்லை. தெரு நாய்க் குட்டிகளிலும் பி.டி.ஏ.வையும் கீழறைத் தடுப்பில் துளையையும் பார்க்கிறோம்.

கேட்டதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி பிறந்து இரண்டு சவலையாகிச் செத்தால், கிராமத்தில் அதைப் பால் போதாமல் செத்தது என்று சொல்வோமே அன்றி மார்பைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் இன்று எண்ணிக்கையில் குறைந்து, குறிப்பிட்ட சில வீட்டு ஆண் நாய்களையே எல்லாரும் தேடிப் போகும் நிலைக்கு வந்திருக்கின்றன. நெருங்கிய உறவில் சேர்த்தால் எந்த இனமும் இதே வழியில்தான் போகும். நாட்டு நாய் வளர்ப்பவர்களும் இனச்சேர்க்கைக்கு முன் ஒருமுறை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் செய்வது நல்லது.

கொடைச்சாரல்:

குட்டிப் பருவத்திலேயே கேட்டுக் கண்டுபிடிக்க முடிந்தது ஒரு வகையில் நல்ல வாய்ப்பு என்று பொருநைக்கரை அம்மாவுக்குச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கோல்டன் ரெட்ரீவரை எட்டு வாரத்தில் பரிசோதித்த மருத்துவர் எந்த ஒலியும் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மையும்கூட. ஒரு வயதை நெருங்கும்போது, பந்துக்கு ஓடியவன் நின்ற இடத்தில் சாய்ந்தான். சில நொடிகளில் எழுந்துவிட்டான் என்றாலும், அதன் பிறகு எடுத்த டாப்ளர் எக்கோவில் பெருந்தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே நார்த்திசுவால் ஆன ஒரு விளிம்பு வளர்ந்து, இரத்தம் வெளியேறும் வழியைக் குறுக்கியிருப்பது தெரிந்தது.

பிறவிக் குறை என்றால் பிறக்கும்போதே இருக்க வேண்டுமே என்று நாங்கள் கேட்டோம். இந்தக் குறுக்கத்திற்கான விதை மட்டுமே பிறப்பில் இருக்கிறது, திசு வளர்வது பிறந்த பின்னர் என்று விளக்கினார்கள். நியூஃபவுண்ட்லாந்து, ராட்வீலர், பாக்ஸர், கோல்டன் ஆகிய இனங்களில் இது மிகுதி. உடல் வளர்ந்து முடியும்வரை கூடிக்கொண்டே போகலாம் என்பதால், ஓராண்டு நிறையும் முன் கொடுக்கும் நற்சான்றை நம்பி இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது.

அளவைப் பற்றியும் எழுதுகிறேன், எக்கோ அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. குறுகிய வழியில் இரத்தம் பாயும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். அந்த எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், குறுக்கத்தின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைக்கும். வேகம் 4.5 மீட்டர் என்றால் வேறுபாடு 81. ஐம்பதுக்குக் கீழ் என்றால் லேசானது, எண்பதுக்கு மேல் என்றால் கடுமையானது. எங்கள் நாயுடையது கடுமையான பிரிவில் வருகிறது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் அடெனோலால் மருந்து கொடுத்து வருகிறோம்; ஓட்டமும் நீச்சலும் இல்லை; வெயில் தாழ்ந்தபின் கயிற்றில் மெதுவாக நடக்க வைக்கிறோம். குழல் வழியே பலூன் செலுத்தி அந்தக் குறுக்கத்தை விரிக்கலாமா என்று கேட்டதற்கு, பலூன் செய்த நாய்களையும் அடெனோலால் மட்டும் கொடுத்த நாய்களையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே காலம், அதாவது நான்கரை ஆண்டுகளை ஒட்டியே, வாழ்ந்ததாகத் தெரிந்தது என்றார்கள். ஆகவே அதற்குப் போகவில்லை. கடுமையான குறுக்கம் உள்ள நாய்கள் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் முன்னறிவிப்பின்றி இறப்பது மிகுதி என்பதையும் தெரிந்தே வளர்க்கிறோம்.

உங்களுடையது பி.டி.ஏ. என்றே வந்தால் வருந்த வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன். பிறவி இதயக் குறைகளில் முழுமையாகச் சரிசெய்யக் கூடியது ஏறக்குறைய அது ஒன்றுதான்.

மட்டுறுத்துநர்:

விற்றவரின் பெயர், கடை, தொலைபேசி எண் கேட்டு இருவர் எழுதிய மறுமொழிகள் நீக்கப்பட்டுள்ளன. நோயைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பொருநைக்கரை:

எக்கோ முடிந்தது. பி.டி.ஏ. உறுதி. இரத்தம் பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கே பாய்கிறது, எதிர்ப்பக்கம் பாயவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இடது மேலறையும் கீழறையும் விரிந்திருக்கின்றன; நுரையீரலில் நீர் இல்லை. குட்டியின் எடை ஒன்றே கால் கிலோ. மார்பைத் திறந்து குழாயைக் கட்டுவது ஒரு வழி, தொடையின் தமனி வழியே கருவி செலுத்தி அடைப்பது இன்னொரு வழி என்றும், எங்கள் குட்டிக்கு முதலாவதே பொருந்தும் என்றும் சொன்னார்கள். மார்பைத் திறப்பது என்று கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. கருவி வழியே செய்ய முடியாதா? எடை கூடும்வரை காத்திருக்கலாமா?

வைகைக் கால்நடை:

அறிக்கையில் மிக நல்ல செய்தி, பாய்ச்சல் இடமிருந்து வலமாகவே, அதாவது பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கே, இருக்கிறது என்பது. அது மாறியிருந்தால் அறுவையைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்காது.

கருவியைப் பற்றி முதலில் சொல்கிறேன். நாயின் குழாய் வடிவத்திற்கென்றே நிட்டினால் என்னும் உலோகக் கலவையின் கம்பிவலையால் செய்த ஓர் அடைப்பான் உண்டு. 2007 முதல் அதைப் பயன்படுத்திய முறைகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. தொடைத் தமனியில் நுழைத்து, பெருந்தமனி வழியாகக் கொண்டுபோய், குழாயின் குறுகிய வாயில் பொருத்தி விட்டுவிடுவார்கள். மார்பில் தையல் இல்லை, நாய் மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆனால் இரண்டரை மூன்று கிலோவுக்குக் குறைந்த நாயின் தொடைத் தமனி அந்தக் குழலை ஏற்காது. சிறிய நாய்களுக்குச் சிரை வழியே செய்யும் முறைகளும் இருக்கின்றன என்றாலும், இந்தியாவில் இவற்றைச் செய்யும் இடங்கள் மிகச் சில. உங்கள் குட்டி முழு வளர்ச்சி அடைந்தாலும் அந்த எடையை எட்டுமா என்பது ஐயமே. இடது அறைகள் ஏற்கெனவே விரிந்திருக்கும்போது, எட்டாத எடைக்காகக் காத்திருப்பது இருக்கும் வாய்ப்பையும் குறைத்துவிடும்.

மார்பைத் திறந்து கட்டுவது பழகிய முறை. 1938 ஆகஸ்டில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இராபர்ட் கிராஸ் என்ற இளம் அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுமிக்கு இந்தக் குழாயைக் கட்டினார். பிறவி இதயக் குறைக்கான அறுவை மருத்துவத்தின் தொடக்கமாகவே அதைச் சொல்வார்கள். நாய்க்கும் அதே வேலைதான். இடது பக்கம் நான்காம் விலா இடைவெளியில் திறந்து, நுரையீரலின் முன்மடலை ஒதுக்கினால், குழாயின் மேல் வேகஸ் நரம்பு குறுக்கே ஓடுவது தெரியும், அதுவே அடையாளம். நரம்பை மெல்ல விலக்கி, குழாயைச் சுற்றிப் பட்டு நூலைக் கொண்டுவந்து, பெருந்தமனிப் பக்கத்தை முதலிலும் நுரையீரல் தமனிப் பக்கத்தை அடுத்தும் கட்டுகிறோம். முடிச்சு இறுகும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறையும். மயக்க மருத்துவர் அதற்கு ஆயத்தமாக இருப்பார். அந்த இரைச்சல் அப்போதே நின்றுவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. குழாயின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இடுக்கியைச் செலுத்தும்போது சுவர் கிழிந்தால் பெருந்தமனியின் முழு அழுத்தத்தில் இரத்தம் பீறிடும். ஆகையால் இந்த அறுவையில் அனுபவமே முதன்மையானது. கைதேர்ந்தவர்கள் செய்யும்போது இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பதே பொதுவான கணக்கு. ஆகவே நீங்கள் போகும் இடத்தில் இதே அறுவையை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறார்கள், மார்பு திறந்திருக்கும்போது மூச்சு கொடுக்க வென்டிலேட்டர் இருக்கிறதா, அன்றிரவு முழுவதும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள்.

திருப்பிக் கொடுப்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. என் கருத்தைக் கேட்டால், திரும்பிப் போகும் குட்டிக்கு அறுவை நடக்காது. ஒலியைக் கேட்காத இன்னொருவருக்கு அதே குட்டி விற்கப்படும்.

மழைவில்:

எதிர்ப்பக்கம் பாய்வது என்று மருத்துவர் குறிப்பிட்டதை நேரில் பட்டவர்கள் நாங்கள் என்பதால் எழுதுகிறேன். எங்களிடம் இருந்த நாய்க்குக் குட்டியில் யாரும் எந்த ஒலியையும் கேட்டதாகச் சொல்லவில்லை. ஒன்றரை வயதில், நடைக்குப் போகும்போது பாதி வழியில் பின்னங்கால்கள் துவண்டு உட்கார்ந்துவிடும். சற்று நேரத்தில் எழுந்து நடக்கும். முதுகெலும்பிலோ இடுப்பிலோ கோளாறு என்று எண்ணி எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் ஓட வைத்து, நின்ற உடனே ஈறையும் பிறப்புறுப்பின் உட்சவ்வையும் அடுத்தடுத்துப் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பு, பின்பக்கச் சவ்வோ நீலம்.

குழாய் மிகப் பெரிதாக இருந்து நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து அழுத்தம் ஏறிவிட்டால், பாய்ச்சல் திரும்பி, ஆக்சிஜன் ஏறாத இரத்தம் பெருந்தமனியில் கலக்கிறது. தலைக்கும் முன்னங்கால்களுக்கும் போகும் கிளைகள் குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுவதால் அவற்றுக்கு நல்ல இரத்தம் கிடைக்கிறது. பின்னுடல் மட்டும் தவிக்கிறது. சிறுநீரகமும் பின்பக்கமே இருப்பதால், ஆக்சிஜன் போதவில்லை என்று எண்ணி அது சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது, இரத்தம் கெட்டியாகிறது. இந்த நிலையில் குழாயை மூடினால் வலது பக்கத்திற்கு வடிகால் இன்றி நாய் இறந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வப்போது இரத்தம் எடுத்து, அந்த அளவுக்கு நீர் ஏற்றி, நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கும் சில்டெனாபில் கொடுத்து வைத்திருந்தோம். இரு பக்க அழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் அந்த இரைச்சலும் இருப்பதில்லை என்பது இதில் இன்னொரு கேடு. உங்கள் குட்டியின் இதயம் இவ்வளவு சத்தமாக இரைவது நல்லதற்கே.

நீலாங்கரை:

எங்கள் பிரெஞ்சு புல்டாக்கிற்கு நுரையீரல் தமனி வால்வில் குறுக்கம் இருப்பதாகச் சொல்லி, பலூன் வைத்து விரிக்கலாம் என்கிறார்கள். இதே இழையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும். பலூன் பயனில்லை என்று மேலே கோல்டன் வளர்ப்பவர் எழுதியிருக்கிறாரே?

வைகைக் கால்நடை:

அது வேறு வால்வு, வேறு கதை. பெருந்தமனிக்குக் கீழே உள்ள நார்விளிம்பு பலூனுக்கு விரிந்தாலும் காலப்போக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நுரையீரல் தமனி வால்வில் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஏற்படும் குறுக்கத்தைப் பலூன் நன்றாகவே பிரித்துவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1980-இல் ஓர் ஆங்கிலப் புல்டாக்கிற்கு இதைச் செய்தார்கள். குழந்தைகளுக்குச் செய்த செய்தி 1982-இல்தான் வெளிவந்தது. ஒரு புல்டாக் மனிதர்களை முந்திக்கொண்ட அரிய நிகழ்வு.

ஆனால் புல்டாக் வகைகளுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு இதயத் தசைக்கு இரத்தம் தரும் இரண்டு தமனிகளுக்குப் பதிலாக வலப்பக்கம் ஒன்றே கிளம்பி, அதன் இடது கிளை நுரையீரல் தமனியின் அடியைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த அமைப்பில் பலூனை முழு அளவுக்கு விரித்தால் கிளை நசுங்கியோ கிழிந்தோ நாய் மேசையிலேயே இறக்கக்கூடும். ஆகவே, பலூனுக்கு முன் சி.டி. அல்லது ஆஞ்சியோகிராம் மூலம் தமனிகளின் போக்கைப் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.

நொய்யல்:

நான் முறையாகப் பதிவு செய்து நாய்களை இனப்பெருக்கம் செய்பவன். பொருநைக்கரை அவர்களின் குட்டியைப் போல அறுவை செய்து நலமான நாயைப் பின்னாளில் ஈன விடலாமா என்று என்னிடமே வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். குழாய் மூடியபின் நாய் நலமாகத்தானே இருக்கிறது? தாய் தந்தை இரண்டும் நலமாக இருந்தும் இப்படிக் குட்டி பிறந்தால் அதில் எங்கள் தவறு என்ன? எங்களையே எல்லாரும் குற்றம் சொல்கிறார்கள்.

வைகைக் கால்நடை:

ஈன விடக்கூடாது. நூலால் கட்டியது குழாயை, மரபணுவை அன்று. மேலே சொன்ன பேட்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் பூடில் இன நாய்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். பி.டி.ஏ. உள்ள நாயை பி.டி.ஏ. உள்ள நாயோடு சேர்த்தபோது பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் அளவில் இந்தக் குறையோடு இருந்தன. ஒற்றை மரபணுவால் வரும் குறையாக இருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும்; பல மரபணுக்கள் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டும்போது வெளிப்படுவதாகவே அவர்கள் கண்டார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடையும் அதிலேயே இருக்கிறது. சில நாய்களில் குழாய் நுரையீரல் தமனிப் பக்கம் மூடிவிடும், பெருந்தமனிப் பக்கம் மட்டும் ஒரு சிறு பை போல எஞ்சி நிற்கும். இரத்தம் கசியாது, ஒலி இருக்காது, நாய் ஆயுள் முழுவதும் நலமாக இருக்கும். ஆனால் அது குறையின் லேசான வடிவம். அத்தகைய நாயை ஸ்டெதாஸ்கோப்பாலும் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே முதல் ஈற்றில் இப்படி ஒரு குட்டி பிறந்ததற்கு உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. அதைத் தெரிந்த பிறகும் அதே இணையை மறுபடி சேர்த்தால் குறை சொல்லலாம்.

நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்று மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளில், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று இருக்கிறது. நடைமுறையில் ஐந்து வாரக் குட்டிகளைக் கூடையில் வைத்து விற்பதைத்தான் பார்க்கிறோம். எட்டாம் வாரத்தில் ஒரு மருத்துவர் இடது அக்குளில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டோடு குட்டியை விற்கும் வழக்கம் உங்களைப் போன்றவர்களிடமிருந்தாவது தொடங்கலாம். அக்குள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மார்பின் கீழ்ப்பகுதியில் மட்டும் வைத்துக் கேட்டால் பி.டி.ஏ.வின் ஒலி தேய்ந்து, சாதாரண ஒலி போல ஏமாற்றிவிடும்.

நொய்யல்:

சீட்டுக் கொடுக்கும் யோசனையை ஏற்கிறேன். எல்லாரும் செய்யாதவரை, செய்பவனின் குட்டிதான் விலை கூடித் தெரியும் என்பதையும் வாங்குபவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. திருப்பிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, அறுவைக்கு நாள் குறித்துவிட்டோம். மருத்துவர் சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டோம். முகம் சுளிக்காமல் விடை சொன்னார்கள். என் மாமனாரே உடன் வருகிறார். எஞ்சியிருக்கும் ஐயங்கள் இரண்டு. அதுவரை குட்டியை ஓடவிடாமல் கட்டிப்போட வேண்டுமா? அறுவைக்குப் பிறகு ஆயுள் முழுவதும் மருந்து கொடுக்க வேண்டியிருக்குமா?

வைகைக் கால்நடை:

கட்டிப்போட வேண்டாம், தானாக விளையாடி, களைத்தால் தானாகப் படுத்துக்கொள்ளட்டும். துரத்தி ஓட வைப்பது மட்டும் கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள். தூக்கத்தில் நிமிடத்திற்கு முப்பதுக்குள் இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் அது ஏறி நாற்பதைத் தாண்டினாலோ, இருமல் தொடங்கினாலோ, குறித்த நாள்வரை காத்திருக்காமல் உடனே கொண்டு செல்லுங்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அதை ஃபுரோசமைடு கொடுத்து வற்றவைத்த பிறகே மயக்க மருந்து கொடுக்க வேண்டும். புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சோகையோடு அறுவைக்குப் போகக்கூடாது. இவ்வளவு சிறிய குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்பதை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் மூடிவிட்டால் விரிந்த அறைகள் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். ஆயுள் முழுவதும் மருந்து என்பது வழக்கமாகத் தேவைப்படாது. தையல் ஆறும்வரை மார்புப் பட்டையும் கழுத்துக் கயிறும் வேண்டாம், தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காமல் அடிவயிற்றையும் மார்பையும் சேர்த்து ஏந்துங்கள். கசிவு ஏதும் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரு மறு எக்கோ எடுக்கச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். கருத்தடையை அறுவைக்காயம் ஆறி, அந்த எக்கோவும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகள் யாரிடம் போயின என்பதை விற்றவரிடம் கேட்டு, அந்த வீடுகளுக்கும் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். அவற்றில் ஒன்றுக்கும் இருக்க வாய்ப்புண்டு, இப்போதே கேட்டால் அதையும் கட்டிவிடலாம்.